மூன்று மாத எலக்ட்ரீஷியன் கோர்ஸ்: 14,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் செக்கிங் டேபிளில் நின்றவன் நான். 32 வயதில், கையோடு ஒரு தொழில் வேண்டும் என்று போன வருடம் ஆடி முடிந்ததும் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் எலக்ட்ரீஷியன் கோர்ஸில் சேர்ந்தேன். மூன்று மாதம், திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 6.30 முதல் 8.30 வரை. கட்டணம் 14,500 ரூபாய், இரண்டு தவணை. அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த கரண்ட் வேலை, பல்பு மாற்றுவது மட்டும்தான்.

மையத்தின் பெயரைப் போடப் போவதில்லை. இதே மாதிரி கோர்ஸ் ஊருக்கு ஊர் நடக்கிறது. "முன் அனுபவம் தேவையில்லை" என்ற போஸ்டரைப் பார்த்துப் பணம் கட்ட யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அவருக்கே தகும். முதல் இரண்டு வாரம் வயர் உரிப்பதும் ஜாயிண்ட் போடுவதும்தான். எங்களுக்குக் கொடுத்த 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயருக்குள் 22 செம்பு இழை இருக்கும். நாங்கள் உரித்துக் கொடுத்ததும் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இழையை விரித்து எண்ணுவார். 19 இருந்தால் வயரைத் திருப்பிக் கொடுத்து, "மூணு இழை அறுந்த இடத்துல வயரு மெலிஞ்சு போச்சு கண்ணு. லோடு ஏறுனா அந்த இடந்தான் மொதல்ல சூடாகும்" என்பார். துணியில் ஒரு நூல் விட்டுப் போனால் அந்த இடத்தில் என் கண் தானாக நிற்கும், ஒன்பது வருடப் பழக்கம். அதே கண்ணை வயர் மேலும் வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்றாவது நாளில் இருந்து என் வயரில் 22 இழையும் இருந்தது.

ஐந்தாவது வாரத்தில் நடந்த பாடத்தை மறக்கவே முடியாது. பலகையில் ஒரு பல்பு, ஒரு பிளக் சாக்கெட். சாக்கெட்டின் ஒரு ஓட்டைக்கு ஃபேஸ், அதாவது கரண்ட் வருகிற வயர். இன்னொன்றுக்கு நியூட்ரல், அது திரும்பிப் போகிற வயர். ஃபேஸில் மட்டும்தான் டெஸ்டர் எரிய வேண்டும். சார் பின்பக்கம் போய் ஏதோ செய்துவிட்டு வந்தார். பல்பு சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது, ஆனால் எரியவில்லை. சாக்கெட்டின் ஒரு ஓட்டையில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது. அடுத்த ஓட்டையிலும் எரிகிறது! ஃபேஸ் இரண்டு பக்கமும் வந்துவிட்டது, எங்கோ ஷார்ட் என்று பதினாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம். சார் பேசாமல் பல்பு சுவிட்சை ஆஃப் செய்தார். நியூட்ரல் ஓட்டையில் டெஸ்டர் அணைந்தது. திரும்ப ஆன் செய்தார், எரிந்தது.

"நியூட்ரல் அந்துருக்குது. ஃபேஸ் பல்பு வழியா வந்து, திரும்பிப் போக வழியில்லாம இங்க நிக்குது. இதத் தொட்டா ஷாக் அடிக்கும். நியூட்ரல்தானேன்னு நம்பிக் கை வெக்காதீங்க."

அப்புறம் 40 வாட் பல்பு மாட்டிய ஹோல்டரில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லாம்பை எடுத்தார். இரண்டு ஓட்டைக்கும் நடுவில் கொடுத்தால் எரியவில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கொடுத்தால் பளிச்சென்று எரிந்தது. டெஸ்டர் சொல்வது பாதிக் கதை, மீதியை டெஸ்ட் லாம்பு சொல்லும். வேலைக்குப் போன இரண்டாவது மாதம், ஒரு பாட்டி வீட்டில் பாதி வீடு எரியவில்லை, மிக்ஸி போடும் சாக்கெட்டில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தது. மேஸ்திரி கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன், "நியூட்ரல் லூஸ்ங்கண்ணா." மெயினை ஆஃப் செய்து, வீட்டு லைன்கள் பிரிகிற டி.பி. பாக்ஸைத் திறந்து பார்த்தால், நியூட்ரல் வயர்கள் சேருகிற லிங்க்கில் ஒரு ஸ்குரூ கறுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தது.

எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கிற சுவிட்ச், மிக்ஸியையோ ஃபிரிட்ஜையோ காப்பாற்ற வைப்பதல்ல, சுவருக்குள் போகிற வயரைக் காப்பாற்ற வைப்பது என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அடிக்கடி விழுகிறது என்று 1.5 ஸ்கொயர் லைட் லைனில் அளவுக்கு மீறிய 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டி வைத்திருக்கிற வீடுகளை இப்போது பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. வயர் சூடாகி உருகினாலும் அது விழாது.

இனி குறைகள்.

கட்டணத்தில் ஒரு டூல் கிட் சேர்த்திருந்தார்கள். கட்டிங் பிளேயரின் வாய் ஒன்றோடு ஒன்று சேரவில்லை, இழையை வெட்டாமல் நசுக்கியது. டெஸ்டரின் பிளாஸ்டிக் உறை முனைக்குப் பக்கத்தில் விரிந்திருந்தது. டெஸ்டரை சாரே வாங்கி குப்பையில் போட்டார். தபாரியா 8 இன்ச் பிளேயர் ஒன்றும், நல்ல டெஸ்டர் ஒன்றும் தனியாக வாங்கினேன். கிட் வேண்டாம், கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பெரிய குறை வேறு. மூன்று மாதமும் பலகையில்தான் வேலை. மாடிப்படி வயரிங், குடோன் வயரிங், ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் எல்லாம் கண் முன்னால் திறந்து கிடக்கிற பலகையில். வீட்டில் வயர் கண்ணுக்குத் தெரியாது. நான் கையாளாகச் சேர்ந்த முதல் எட்டு நாளும் ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. சுவரில் கோடு போட்டு, கட்டர் ஓட்டி, உளியால் காடி வெட்டி, பைப் பதித்து, மெட்டல் பாக்ஸை மட்டம் பார்த்து வைத்துச் சிமெண்ட் பூசுவதுதான் வேலை. கட்டர் தூசியில் மூக்கும் தொண்டையும் எரியும். பாக்ஸ் ஒரு நூல் சாய்ந்தாலும் வீட்டுக்காரர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். பைப்பை அறுத்த வாயில் பிசிறை எடுக்காமல் விட்டால், வயர் இழுக்கும்போது இன்சுலேஷன் உரிந்துகொண்டு வரும். இதில் ஒன்றைக்கூட வகுப்பில் யாரும் செய்து பார்க்கவில்லை. ஒரே ஒரு செங்கல் சுவரைக் கட்டி வைத்துத் திரும்பத் திரும்ப வெட்டிப் பூசப் பழக்கியிருக்கலாம். எங்களில் நாலு பேர் சைட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே நின்றுவிட்டார்கள். இதுதான் வேலை என்று அவர்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை.

பலகையில் இருப்பது ஒரே ஒரு லைன். அதனால் அங்கே நியூட்ரல் மாறவே மாறாது. அவினாசிப் பக்கம் ஒரு வீட்டில் நான் செய்த தப்பு இங்கே இருந்துதான் வந்தது. ஒரே சுவிட்ச் பாக்ஸுக்குள் லைட், ஃபேனுக்கு ஒரு கறுப்பு வயர், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு ஒரு கறுப்பு வயர் வந்திருந்தது. இரண்டும் நியூட்ரல்தானே என்று சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். அந்த வீட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் போகிற பவர் லைனுக்கு மட்டும் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் விழுந்து லைனை அணைக்கிற சுவிட்ச், போட்டிருந்தது. சாயங்காலம் சப்ளை கொடுத்து ஃபேன் சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தது. ஏற்றி வைத்தால் திரும்ப விழுகிறது. ஃபேன் கரண்டில் ஒரு பங்கு என் ஜாயிண்ட் வழியாக ஆர்.சி.சி.பி. நியூட்ரலில் திரும்பியது. போகிற கரண்டுக்கும் வருகிற கரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது விழுந்தாக வேண்டும், அதற்காகத்தான் அதை வைப்பது. ஒவ்வொரு பாக்ஸாகத் திறந்து கண்டுபிடிக்க இரவு ஒன்பதரை ஆனது. மேஸ்திரி திட்டவில்லை. "நியூட்ரலுக்கும் பேர் எழுது தம்பி" என்று மார்க்கரைக் கையில் கொடுத்தார். ஆர்.சி.சி.பி. என்ற சொல் எங்கள் கோர்ஸ் நோட்டில் இருக்கிறது, பலகையில் ஒன்றுகூட இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது சர்டிபிகேட் விஷயத்தில். சேரும்போது, "இதை வெச்சு நீங்களே தனியா வயரிங் எடுத்துச் செய்யலாம்" என்றார்கள். அப்படிச் செய்யக் கூடாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைப்படி, வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரி இருப்பதைக் கழற்றி அதே இடத்தில் புதிது மாட்டுகிற வேலைக்குத்தான் விலக்கு. தமிழ்நாட்டில் தகுதிச் சான்றும் கான்ட்ராக்டர் லைசென்ஸும் கொடுப்பது சென்னை கிண்டியில் இருக்கிற மின் உரிமம் வழங்கும் வாரியம். ஐ.டி.ஐ. படிக்காத என்னைப் போன்றவர்களுக்கு வழி, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிற மின் கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு. அதற்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் வேண்டும். அந்த ஐந்து வருடக் கணக்கை 14,500 ரூபாய் வாங்கியவர்கள் ஒருநாளும் எங்களிடம் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து படித்தவர்கள் எங்கள் பேட்சில் மூன்று பேர். அவர்களை நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது.

அதனால் பத்தாவது முடித்த சின்னப் பையனோ பொண்ணோ வீட்டில் இருந்தால், இந்தக் கோர்ஸ் வேண்டாம். அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் டிரேடு இரண்டு வருடம், பயிற்சிக் கட்டணம் இல்லை. எட்டாவது மட்டும் படித்திருந்தால் வயர்மேன் டிரேடு இருக்கிறது, அதுவும் இரண்டு வருடம். எங்கே போனாலும் மதிக்கிற படிப்பு அது.

என்னைப் போல குடும்பம், வாடகை என்று இருந்து, பகல் வேலையை விட முடியாதவர்களுக்கு இது உதவும். உங்களுக்குத் தெரிந்த மேஸ்திரி யாராவது சேர்த்துக்கொள்கிறேன் என்றால் நேராகப் போய்விடுங்கள், பணம் மிச்சம். எனக்கு அப்படி யாரும் இல்லை. பிளேயர் பிடிக்கத் தெரிந்த கையோடு போய் நின்றதால்தான் என்னை எடுத்தார்கள். சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பாடம் எடுப்பவர் எங்கே வேலை பார்த்தார் என்று கேளுங்கள். வெட்டிப் பழக சுவர் இருக்கிறதா, பலகையில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

சாருக்கு ஐந்துக்கு ஐந்து, கோர்ஸுக்கு இரண்டரை.

இப்போது லைசென்ஸ் உள்ள ஒரு கான்ட்ராக்டரிடம் கையாள் கூலி 650 ரூபாய்க்குப் போகிறேன். பனியன் கம்பெனியில் வாங்கியதை விடக் குறைவுதான். அந்த ஐந்து வருடக் கணக்குக்காக 200 பக்க நோட்டு ஒன்று போட்டு, தேதி, எந்த வீடு, என்ன வேலை, எத்தனை பாயிண்ட் என்று தினமும் எழுதி, மாதக் கடைசியில் அவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கிறேன். நேற்றோடு ஏழு மாதம் ஆகிறது.