சீனி இறங்கியதால்தான் ஏமாந்தோம்

அம்மாவுக்குப் பதினான்கு வருடமாகச் சீனி வருத்தம். இதை எழுதுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஊர் சிரிக்கும், விடு பிள்ளை" என்கிறார். சிரித்தால் சிரிக்கட்டும்.

மார்ச் மாதம் திருகோணமலை நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் "இலவச மருத்துவ முகாம்" என்று துண்டுப்பிரசுரம் வந்தது. பக்கத்து வீட்டு மாமி கூப்பிட்டார், அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு தம்பி வயது, உயரம், எடை எல்லாம் கேட்டு மடிக்கணினியில் தட்டினார். பிறகு வயர் பொருத்திய ஒரு சில்வர் குழாயை அம்மாவின் கையில் கொடுத்து ஒரு நிமிடம் இறுகப் பிடிக்கச் சொன்னார். ஊசி இல்லை, இரத்தம் எடுக்கவில்லை. முப்பது பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. கணையம் "பலவீனம்", ஈரல் "நச்சு", கர்ப்பப்பை "ஆரோக்கியம்". அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து இருபது வருடமாகிறது! அந்த வரி என் கண்ணில் பட்டது எல்லாம் முடிந்த பிறகுதான்.

அப்புறம் டின் வந்தது. மூலிகைத் தூளாம், ஜெர்மன் தொழில்நுட்பமாம். ஒரு டின் 18,500 ரூபாய், மூன்று டின் எடுத்தால்தான் "கோர்ஸ்" முழுமையாம். "அம்மா, இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல். அதை நிப்பாட்டினால்தான் இது வேலை செய்யும்" என்றார் அந்தத் தம்பி. அம்மா பதினான்கு வருடமாக விழுங்கும் மெட்ஃபோர்மின் என்ற சீனிக் குளிசைக்கே ஆதி ஐரோப்பாவில் முளைக்கும் கலேகா என்ற செடிதான். அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

என் பங்கும் இதில் இருக்கிறது. 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் கிளினிக்கில் குளிசை இல்லாமல் துண்டை எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். கடை கடையாக அலைந்த அந்த நாட்களில் கிளினிக் மீது இருந்த நம்பிக்கை கொஞ்சம் தேய்ந்துவிட்டது. இரவில் போனில் புது மருந்துகளைப் பற்றித் தேடித் தேடி வாசிப்பேன். வாரம் ஒரு ஊசி போதுமாம், எடையும் குறையுமாம், நம் அம்மாவுக்கு மட்டும் ஏன் இன்னும் அதே வெள்ளைக் குளிசை என்று ஒரு புழுக்கம். வெளிநாட்டில் இருந்து அந்த செமாக்ளுடைட் ஊசிப் பேனாவை எடுப்பிப்போமா என்றுகூட என் தம்பியுடன் கதைத்தேன். நல்லவேளை எடுப்பிக்கவில்லை. போலிப் பேனாக்கள் பற்றி 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. உள்ளே இன்சுலின் கூட இருக்கலாமாம். அந்தப் புழுக்கத்தோடு இருந்தவளிடம்தான் டின்னை நீட்டினார்கள்.

வெறும் வயிற்றில் 212 இருந்த சீனி தூள் குடித்த இரண்டு வாரத்தில் 108 ஆனது. எங்கள் வீட்டு மீற்றரில், நானே விரலில் குத்திப் பார்த்தது. மீற்றர் பொய் சொல்லவில்லை, அதுதான் எங்களை ஏமாற்றியது. மைத்துனிக்கும் நான்தான் முகாம்காரரின் போன் நம்பரைக் கொடுத்தேன்.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவின் அறையில் முனகல் கேட்டது. நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது, கை ஐஸ். "அம்மா, அம்மா" என்று உலுக்கினால் கண் திறக்கிறது, ஆள் இல்லை. மீற்றரில் 38. தம்பி சீனித் தண்ணீரை வாயில் ஊற்றப் போனான். 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தபோது மறுமுனையில் இருந்தவர் முதலில் சொன்னதே, "நினைவில்லாதவருக்கு வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்" என்பதுதான். அம்புலன்ஸ் வந்து குளுக்கோஸ் ஏற்றியதும் அம்மா எழும்பி, "ஏன் எல்லாரும் நிற்கிறீங்கள்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஆஸ்பத்திரி வாட்டில் சீனி திரும்பத் திரும்ப விழுந்தது. மூன்று நாள் சேலைனோடு படுத்திருந்தார். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ, வேறு என்ன குடிச்சவ?" என்று கேட்டார். மெட்ஃபோர்மின் தனியே சீனியை இவ்வளவு தாழ்த்தாதாம். அதையும் அம்மா நிப்பாட்டி இரண்டு வாரத்துக்கு மேல். இப்படி ஏற்ற ஏற்ற விழுவது கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசைகளின் குணமாம். மலிவான பழைய மருந்து, பல நாடுகளில் "மூலிகை" தூள்களில் கலந்து பிடிபட்டிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடம்பில் நாள்கணக்கில் நிற்குமாம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் அம்மாவின் இரத்தத்தில் கூடியிருந்தது. பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, டின்னைக் கொண்டுவாருங்கள் என்றார்.

டின் எங்கே? கோபத்தில் தம்பி டச்பே கடலில் வீசிவிட்டு வந்திருந்தான், இரண்டையும்.

சேர்மானம் எழுதாத ஒரு தூள் சீனியை மளமளவென்று இறக்கினால், வேலை செய்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். அரைத்த இலை இரண்டு வாரத்தில் நூறு புள்ளி இறக்காது. சித்த வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் அதைப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள். பதிவு பெற்ற வைத்தியர் என்ன சேர்த்திருக்கிறார் என்று கேட்டால் சொல்லுவார், அடுத்த மாதமும் அதே இடத்தில் இருப்பார். இவர்களின் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. மண்டபத்தில் கேட்டால், "நாங்கள் வாடகைக்கு விட்டது மட்டும்தான்" என்கிறார்கள்.

மூன்றாவது டின் அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்தது. அம்மாவே ஒளித்து வைத்திருக்கிறார், காசு கொடுத்ததாம்! தொகுதி இலக்கம் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. பொலித்தீனில் சுற்றி உணவு, ஔடதப் பரிசோதகரிடம் கொடுத்திருக்கிறேன். பாவனையாளர் அதிகார சபையின் 1977 போன் நம்பருக்கும் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. உங்களிடமும் இப்படி டின் இருந்தால் வீசாதீர்கள், பில்லையும் சேர்த்து வையுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், புது மருந்து கடைசியில் கிளினிக்கிலேயே கிடைத்தது. சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு மெட்ஃபோர்மின் அளவைக் குறைத்து எம்பாகிளிஃப்ளோசின் எழுதினார்கள். சீனியோடு இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதாம். "இதை முந்தியே தந்திருக்கலாமே" என்றேன். கொப்பியைப் புரட்டிய டொக்டர், "நாலு கிளினிக் வரேல்லையே" என்றார். அம்மா சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூதூரில் இருக்கும் என் சிநேகிதி நேற்று ஒரு துண்டுப்பிரசுரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இலவச முகாம், வருகிற ஞாயிறு. ஆட்களின் பெயர் வேறு, படத்தில் அதே சில்வர் குழாய்.