ஸ்பீட் குரூப்போட 'மொமென்ட்' சிடி, வாங்கலாமா?

செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன், டப்பாவோட கீல் ஒடஞ்சு வந்துச்சு, கடைக்காரர் போட்டோவுல அத காட்டவே இல்ல. ஆனா சிடில ஒரு கீறல் கிடையாது, பாட்டெல்லாம் சுத்தமா ஓடுது.

தெரியாதவங்களுக்கு, ஸ்பீட்னா ஜப்பான்ல ஒகினாவாலேர்ந்து வந்த நாலு பொண்ணுங்க. 1996 ஆகஸ்ட்ல மொத சிங்கிள் வந்தப்போ ஹிரோகோவுக்கும் எரிகோவுக்கும் 12 வயசுதான், தகாகோவுக்கு 13, பெரியவ ஹிதோயேக்கே 15. இந்த சிடி 1998 டிசம்பர்ல வந்த ஹிட்ஸ் கலெக்‌ஷன், 20 லட்சத்துக்கு மேல வித்துச்சு.

'ஒயிட் லவ்' பாட்ட ஹெட்போன்ல கேளுங்க, மேல் ஸ்தாயில ஹிரோகோ தொண்டைய அடக்காம பாடுறப்போ மூச்சு இழுக்குற சத்தம்கூட கேக்குது, எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைக்குது, ஏன்னா அது ஏழாவது எட்டாவது படிக்கிற வயசு பொண்ணு, பள்ளிக்கூடம் வெளையாட்டுனு இருக்கவேண்டிய நாளெல்லாம் ஸ்டுடியோ, டூர்னு போயிருக்கு. 1999 அக்டோபர்ல பிரியறோம்னு சொல்லிட்டாங்க, 2000 மார்ச் 31ஓட முடிஞ்சுது. நாலு வருஷம்கூட ஆகல! அப்புறம் 2008ல திரும்ப சேந்தாங்க, 2016ல எரிகோ ஜப்பான் பார்லிமென்ட் மேலவைக்கே போனாங்க.

கூட வர்ற புக்லெட் முழுக்க ஜப்பானீஸ்தான், படம்தான் பாக்க முடியும். இருந்தாலும் மொதல்ல கேக்குறவங்க இதுலேர்ந்தே ஆரம்பிங்க, தனித்தனி ஆல்பம் தேட வேணாம். அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை டப்பாவுக்காக கொறச்சது.