பெட்டியில் வரும் மூன்று கதவு அலமாரி: டர்பன் ஈரத்துக்குத் தாங்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடைகளில் பிரித்துப் பெட்டியில் கட்டித் தரும் மலிவு விலை அலமாரிகளில் பெரும்பாலானவை 16 மி.மீ. சிப்போர்டு, அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திய பலகை. மேலே மெலமைன் தாள், முதுகுக்கு 3 மி.மீ. ஹார்ட்போர்டு என்ற அழுத்திய மரநார்த் தகடு. தேக்கு நிறமா வெள்ளையா என்று பார்த்து வாங்குகிறார்கள். ஆயுள் அதில் இல்லை. பலகையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள்.

கண்ணில் படும் விளிம்புகளுக்குப் பட்டை ஒட்டியிருக்கும். பக்கப் பலகையின் அடிப்பகுதியும் பின்புறமும் பல பெட்டிகளில் வெறுமனே இருக்கும். கடலோரக் கோடையின் ஈரக்காற்றே அதற்குச் சோதனை. அதற்கு மேல், புரட்டாசிக்கு வீடு கழுவுகிறோம் என்று வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் அடிவிளிம்பு உறிஞ்சி உப்பிவிடும். உப்பின சிப்போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அந்த இடத்தில் ஸ்க்ரூவும் பிடிக்காது. பூட்டுவதற்கு முன்பே வெறும் விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்துக் காயவையுங்கள். அடியில் 10 மி.மீ. பிளாஸ்டிக் கால் வைத்தால் தண்ணீர் பலகையைத் தொடாது.

பூட்டும்போது கெடுவதுதான் அதிகம். பேட்டரி டிரில்லை முழு வேகத்தில் விட்டால் சிப்போர்டின் துளை மாவாகிவிடும். கடைசிச் சுற்றுகளைக் கையால் முறுக்குங்கள். பலகைக்குள் உட்கார்ந்து போல்ட்டின் தலையைக் கவ்வும் வட்டப் பூட்டுதான் கேம் லாக். அதன் வாய் முதலில் போல்ட்டைப் பார்த்திருக்க வேண்டும், பிறகு ஏறக்குறைய அரைச் சுற்று. இறுகியதும் நிறுத்துங்கள். 8 மி.மீ. மரக்குச்சிகளுக்கு மரப்பசை தொட்டுப் போட்டால் மூட்டு நன்றாக நிற்கும், ஆனால் பிறகு பிரிக்க முடியாது. வாடகை வீட்டுக்காரர்கள் பசையை விட்டுவிடலாம்.

முதுகுப் பலகையை அலட்சியம் செய்யாதீர்கள். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பது அந்த மெல்லிய தகடுதான். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு அளவும் ஒன்றானபின் 10 செ.மீ.க்கு ஓர் ஆணி அடியுங்கள். கதவு சரியாகச் சேராவிட்டால் கீலைத் திருப்புமுன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தரைதான் சாய்ந்திருக்கும்.

தட்டுகள் இதன் பலவீனம். 90 செ.மீ. அகலத்துக்கு நடுவே தாங்கல் இல்லாத 16 மி.மீ. தட்டில் பட்டுப்புடவைகளை அடுக்கினால் மெல்ல மெல்லத் தொய்யும். தட்டின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு மரச்சட்டம் திருகினால் போதும். மேல்தட்டில் விளக்கு ஏற்றுகிறவர்கள் பித்தளைத் தாம்பாளம் வைக்கட்டும்: சூட்டில் மெலமைன் கொப்புளிக்கும், எண்ணெய் மூட்டுக்குள் இறங்கும்.

கீல் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டால் அலமாரியைத் தூக்கி எறிய வேண்டாம். துளையை 8 மி.மீ.க்குப் பெரிதாக்கி, பசை தடவிய மரக்குச்சியை அடித்து, ஓர் இரவு விட்டு, 2.5 மி.மீ. துளையிட்டு மறுபடி திருகுங்கள். புது இடத்தைவிட உறுதியாகவே இருக்கும்.

விலைக்கு ஏற்ற பொருள், படுக்கையறையில் அசையாமல் நிற்கும் வரை. குளியலறைச் சுவரை ஒட்டி வைப்பதானால் ஈரம் தாங்கும் பலகையில் செய்ததைக் கேளுங்கள். அதன் உட்பகுதி பெரும்பாலும் பச்சையாக இருக்கும். சுவரில் எல் வடிவ இரும்பால் பிணைக்கவும் மறக்காதீர்கள்: மூன்று கதவும் ஒரே நேரத்தில் திறந்தால், அதுவும் சின்னப் பிள்ளைகள் தொங்கினால், முன்பக்கமாகச் சாயும். வீடு மாறும்போது கதவுகளைக் கழற்றி, இரண்டு பேர் தூக்குங்கள். தரையில் இழுத்தால் முதலில் பிய்வது அடிமூலைக் கேம்கள்.