கோடியக்கரை சரணாலயம்: முட்டிவலி உள்ள அம்மாவையும் கூட்டிட்டு நடக்கலாம்

நம்ம டெல்டா ஆளுங்க கோடியக்கரைக்கு போறதே அமாவாசைக்கு கடல்ல முழுக்கு போடத்தான். ஆடி அமாவாசை தை அமாவாசைக்கு குளிச்சிட்டு, அப்படியே ராமர் பாதத்தை கும்புட்டுட்டு வேன்ல ஏறி ஊருக்கு திரும்பிடுவாங்க. போற வழியில ரெண்டு பக்கமும் கெடக்குற காட்டை கண்ணாடி வழியா பாத்ததோட சரி. அந்தக் காட்டை எறங்கி நடந்து பாருங்கன்னு சொல்லத்தான் இத எழுதுறேன், ஏன்னா மலை கிடையாது, அந்த ராமர் பாதம் மேட்டை விட்டா ஏத்தம் கிடையாது, வழி முழுக்க தட்டையான மணல்தான். முட்டிவலின்னு கோயில் படியே ஏற மாட்டேங்குற எங்கம்மா இங்க காலை நேரம் பூரா நிதானமா நடந்து வந்தாங்க.

மொதல்ல போற வழி. வேதாரண்யத்துலேருந்து தெக்க அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, அதத் தாண்டி கோடியக்கரை. பஸ்ஸும் இருக்கு, 2023ல திருத்துறைப்பூண்டியிலேருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 37 கிலோமீட்டர் ரயிலை திரும்ப விட்டுட்டாங்க, நேரம் ஒத்து வந்தா அதுல வாங்க, ரெண்டு பக்கமும் உப்பளம் வெயில்ல மின்னுறத பாக்கவே வரலாம். 1930ல ராஜாஜி திருச்சியிலேருந்து ஆளுங்களோட நடந்து வந்து உப்பு அள்ளுன எடமும் அகஸ்தியம்பள்ளிதான், ஸ்தூபி இருக்கு, ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுட்டு போங்க. சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும், இன்னைக்கு எந்த பாதையில விடுறாங்கன்னு அங்கேயே கேட்டுக்குங்க. கூட ஒரு வாட்சரையும் (வனத்துறை காவலர்) கேட்டு கூட்டிட்டு போங்க, அவரு இல்லாம போனா நீங்க பாக்குறது பாதிதான்.

எடத்தை பத்தி கொஞ்சம். 1967ல வெளிமானுக்காக (பிளாக்பக்னு சொல்ற முறுக்குக் கொம்பு மான்) சரணாலயம்னு அறிவிச்சாங்க, சுமார் 21 சதுர கிலோமீட்டர், 2002ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் வந்துடுச்சு. கடலோரமா பழைய மணல்மேடு வரிசையா ஓடுது, மேட்டு மேல காடு, ரெண்டு மேட்டுக்கு நடுவுல தாழ்வான எடத்துல புல்லு. ஐப்பசி கார்த்திகை மழையில தாழ்வுல தண்ணி நின்னுடும், வடிஞ்சதும் புல்லு தளதளன்னு வந்துடும், மானுக்கு அதுதான் சாப்பாடு. அதனால ஒரே நடையில நிழல் காடு, திடீர்னு வெட்டவெளி, மறுபடி காடுன்னு மாறிக்கிட்டே வரும். எனக்கு ரொம்ப புடிச்சது அந்த மாறுற எடம்தான். காட்டு ஓரத்துல ஒரு பாலை மரத்து நிழல்ல நின்னுக்கிட்டு வெளியில பாத்தா எல்லாமே அங்கதான் நடக்குது.

காடுன்னதும் மேற்குத்தொடர்ச்சி மலை மாதிரி உசந்த மரத்தை எதிர்பாக்காதீங்க. குட்டையான காடு, ஆனா வருசம் பூரா பச்சை. பாலை, வீரை, நாவல், நடுநடுவுல சூரை முள்ளு. பாதை ஓரத்துல சங்கஞ்செடி நெறைய கெடக்கு, கிட்ட குனிஞ்சு பாருங்க, ஒவ்வொரு கணுவுலயும் நாலு முள்ளு ஊசி கணக்கா நிக்கும், நடுவுல வெள்ளை வெள்ளையா பழம். சூரை முள்ளு அதவிட மோசம், கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், புடவை மாட்டுனா நின்னு பொறுமையா எடுக்கணும், இழுத்தா கிழிஞ்சிடும். அதனால செருப்பு வேணாம், ஷூ போட்டுக்குங்க.

இப்ப மானு. நாங்க போன அன்னைக்கு வெட்டவெளிய பாத்ததும் அக்கா பையன் ஓடப் பாத்தான். வாட்சர் அண்ணன் அவன் சட்டைய புடிச்சு நிறுத்தி, "தம்பி, நீ கிட்ட போனா அது தூர போவும். நின்ன எடத்துலயே குந்திக்க, அதுவா மேஞ்சுக்கிட்டே வரும்"னாரு. குந்துனோம். கொஞ்ச நேரத்துல பெட்டை மானுங்க வெளிர் மண்ணு நெறத்துல ஒண்ணொண்ணா தலைய தூக்குச்சு, அதுங்களுக்கு பின்னாடி ஒரு கெடா. மேல்பக்கம் கருப்பு, வயிறு பளீர்னு வெள்ளை, கொம்பு ரெண்டும் முறுக்கி முறுக்கி மேல போவுது. எங்களை பாத்துட்டு ஒண்ணு துள்ளுச்சு பாருங்க, அது துள்ளுன அதே எடத்துல அடுத்தடுத்து வந்த எல்லாம் வரிசையா துள்ளிட்டு போச்சு. அம்மா, "அண்ணே, தரையில ஒண்ணுமே இல்லியே, எதைத் தாண்டுதுங்க?"ன்னு கேட்டாங்க. பயம் வந்தா அப்படித்தான் துள்ளும்மான்னாரு அவரு.

அப்புறம் அவரு காட்டுனதுதான் எனக்கு பெருசு. ஒரே எடத்துல புழுக்கை குவிஞ்சு கெடந்துச்சு, பழசு மேல புதுசு. கெடா மானு தன் எல்லைய அப்படித்தான் காட்டுமாம், தெனம் வந்து அதே எடத்துல போடும், பக்கத்துல குச்சியில கண்ணோரம் இருக்குற சுரப்பிய தேய்ச்சு வாசனையும் வச்சிட்டு போவும். மணல்ல தடம் பாக்கவும் சொல்லி குடுத்தாரு. ரெண்டா பொளந்து முன்னாடி கூரா இருந்தா மானு, பொளவே இல்லாம வட்டமா அழுத்தமா இருந்தா மட்டக்குதிரை, நகம் தெரியுற பாதம்னா நரியா இருக்கலாம். பையன் அதுக்கப்புறம் தலைய தூக்கவே இல்ல, தரையைப் பாத்துக்கிட்டே வந்தான். ஜீப்புல போயிருந்தா இதுல ஒண்ணு கூட கெடைச்சிருக்காது.

மட்டக்குதிரை எப்படி வந்துச்சுன்னா, எப்பவோ ஆளுங்க வளத்துட்டு விட்ட குதிரைங்க காட்டுலயே பெருகிடுச்சு. பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா மான் தின்ற புல்லையே இதுவும் திங்குது. சீமைக்கருவேலம் இன்னொரு தலைவலி, மாடும் குதிரையும் அந்த நெத்தைத் தின்னுட்டு சாணியோட வெதையப் பரப்ப, புல்லு எடமெல்லாம் முள்ளுக்காடா ஆவுது. வனத்துறை வெட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க, இது விடாம செய்யணும், ஒரு வருசம் விட்டாலும் மறுபடி மண்டிடும். புல்லு போச்சுன்னா வெளிமானு போச்சு, அது வெட்டவெளியில ஓடிப் பொழைக்கிற ஜீவன்.

2018 நவம்பர் 16 கஜா புயலை இங்க யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. நம்ம தென்னையும் மாவும் விழுந்த அதே ராத்திரி இந்தக் காடும் விழுந்துச்சு. பழைய மரம் போன எடத்துல இப்ப இளசுங்க வருது, அதையும் நின்னு பாருங்க, தயவுசெஞ்சு கிளைய ஒடிக்காதீங்க.

பறவை பாக்கணும்னா மார்கழியிலேருந்து மாசி வரைக்கும் நல்லது, சதுப்பு பக்கம் பூநாரை, உள்ளான், ஆலா எல்லாம் வந்திருக்கும். பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலியே இந்தப் பக்கம் வந்து பறவைக்கு வளையம் மாட்டுற ஆராய்ச்சிய வளத்துவிட்டாரு. பைனாகுலர் இல்லாம போனா தூரத்துல ஒரு இளஞ்சிவப்பு கோடுதான் தெரியும், கடன் வாங்கியாவது கொண்டு போங்க. ராமர் பாதம் ஒரு சின்ன மணல்மேடு, சரணாலயத்துலயே உசந்த எடம் அதுதான், அம்மாவுக்கு மொத்த நடையில மூச்சு வாங்குன ஒரே எடமும் அதுதான், மேலேருந்து நாலு பக்கமும் தெரியுது. சோழர் காலத்துதுன்னு சொல்ற பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில விழுந்துடுச்சு, மிச்சத்தை பாக்க பிரியம்னா போங்க.

ஒரே ஒரு விஷயம் மனச கெடுத்துச்சு. நாங்க மானை பாத்துக்கிட்டிருக்கும்போது ஒரு டூர் வேன் பாட்டை அலறவிட்டுக்கிட்டு வந்துச்சு, மந்தை மொத்தமும் ஓடிப்போச்சு, எறங்குனவங்க "மானே இல்லியே"ன்னுட்டு குரங்குக்கு சிப்ஸ் போட்டுட்டு கெளம்பிட்டாங்க. பாக்கெட்டு அங்கேயே கெடந்துச்சு, நாங்கதான் பொறுக்கிட்டு வந்தோம். குரங்குக்கு எதுவும் போடாதீங்க, ரோட்டுலயே உக்காந்து பழகி வண்டியில அடிபடுதுங்க.

காலையில வெயில் ஏறுறதுக்குள்ள நடந்து முடிச்சிடுங்க, வெட்டவெளியில நிழலே கிடையாது, மானும் வெயில் ஏறுனா ஒதுங்கிடும். அது முடியலன்னா சாயங்காலம். பங்குனிக்கு மேல வயசானவங்களை கூட்டிட்டு போகாதீங்க. கடும் மழை சமயத்துல பாதையில தண்ணி நிக்கும், போன் பண்ணி கேட்டுட்டு கெளம்புங்க. உள்ள கடை எதுவும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு தண்ணி, மோர், சாப்பாடு எல்லாம் வீட்டுலேருந்தே எடுத்துட்டு போங்க, எங்களுக்கு புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தாராளமா போதுமா இருந்துச்சு.