பள்ளத்தூர் ரோட்டு நர்சரி: வெயில் காலத்துச் சூரியகாந்திக்கு நம்பிப் போகலாம்

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் தாண்டி பள்ளத்தூர் போகிற வழியில் பச்சை வலை கட்டிய ஒரு நர்சரி இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் அடுக்கி வைத்திருக்கும் மண் தொட்டிகளும் ஒரு வேப்ப மரமும்தான் அடையாளம். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிறார்கள். வீட்டில் சூரியகாந்தி வைக்க ஆசைப்படுகிறவர்கள் வேறெங்கும் அலையாமல் நேராக இங்கே போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நான் போனது நாற்று வாங்க. செண்டுமல்லி, சாமந்தி நாற்றெல்லாம் தட்டுத் தட்டாக இருந்தது. சூரியகாந்தி நாற்று மட்டும் தர மறுத்துவிட்டார் அந்தத் தம்பி. “நாத்து வேணாம் ஆச்சி, விதையாவே ஊனிருங்க. இதுக்கு ஆணிவேரு. எடுத்து வைக்கையில வேரு ஒடிஞ்சா அப்புறம் செடி தேறாது” என்றார். நாற்றாக விற்றால் அவருக்கு இன்னும் நாலு காசு கிடைத்திருக்கும். விதைப் பாக்கெட் முப்பது ரூபாய்தான்.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. “வீட்டுல எங்க நின்னு பூவைப் பாப்பீங்க?” என்று கேட்டார். சூரியகாந்தி மொட்டாக இருக்கிற வரைக்கும்தான் தலை சூரியனோடு கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும். பூ விரிந்து தண்டு முற்றிவிட்டால் திரும்புவது நின்றுபோய், கிழக்கைப் பார்த்தபடியே இருந்துவிடும். கிழக்கு பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடேறுகிறது, அதனால் தேனீ அதிகம் வருகிறது என்று 2016இல் கலிபோர்னியாவில் செய்த ஆராய்ச்சியும் சொல்கிறது. செடிக்கு மேற்கே நின்று பார்த்தால் பூவின் முதுகுதான் தெரியும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டினால் கிணறும் தோட்டமும், அதற்கப்பால் மேற்கு மதிலும். பழைய மதில், நல்ல உயரம். அதை ஒட்டி இரண்டடி தள்ளி விதைக்கச் சொன்னார். காலையிலிருந்து வெயில் முழுசாக விழும். மூன்று மணி வாக்கில் மதில் நிழல் வந்துவிடும். சித்திரை வெயிலில் செடியைத் துவைத்து எடுப்பது பிற்பகல்தானே. இப்போது கிணற்றடியில் நின்றால் ஒரு பூ பாக்கியில்லாமல் எல்லாம் நம்மைப் பார்த்து நிற்கிறது. வந்து போகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த இடத்தில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

விதையில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று எண்ணெய்க்குப் போடுகிற மாதிரி ஒற்றைத் தலை ரகம். பெரிய பூ, ஆனால் ஒன்றோடு சரி. இன்னொன்று கிளைக்கிற ரகம். பூ சிறுசுதான், ஆனால் வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளிவிட்டால் இலைக் கணுவிலிருந்து அடுத்த மொட்டு வந்துகொண்டே இருக்கும். கோடை முழுக்கப் பூ வேண்டுமென்றால் இதைத்தான் வாங்க வேண்டும். அதையும் ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு வாரம் இடைவெளி விட்டு மாசியிலும் பங்குனியிலும் பகுதி பகுதியாக ஊன்றச் சொன்னார்கள். ஆழம் ஓர் அங்குலம் போதும். முளைத்து இரண்டு இலை விடுகிற வரை மேலே கூடை கவிழ்த்து வையுங்கள். அணில் விடாது. நம் பக்கம் மயில் வேறு.

நம் மண் செம்புறைச் சரளை. ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அதற்குக் கண்மாய்க் கரம்பையும் (கண்மாயில் படிகிற வண்டல் மண்) மக்கிய தொழு உரமும் கலந்த மூட்டை தருகிறார்கள். கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக்கொண்டேன். யூரியா கேட்டவர் ஒருவரைத் திருப்பியே அனுப்பிவிட்டார் அந்த அம்மா. தழைச்சத்து கூடினால் இலைதான் தழதழவென்று வரும், பூ பிந்தும்.

தண்ணீர் காலையிலேயே, வேரடியில், நின்று நிதானமாக. மொட்டு வைக்கும்போதும் பூக்கும்போதும் காயவிடவே கூடாது. மத்தியானம் இரண்டு மணிக்கு இலையெல்லாம் தொங்கிப் போய்க் கிடப்பதைப் பார்த்துப் பதறிப் போய் வாளியைத் தூக்காதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் செடிக்கு ஒன்றும் இல்லை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் தாகம். வைக்கோலை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் கொஞ்சம் விலக்கி மூடாக்குப் போட்டேன். பூக்கிற நேரத்தில் வைக்கோலை விலக்கி விரலை விட்டுப் பார்த்தால் அடி மண் குளிர்ச்சியாக இருக்கும், பக்கத்தில் வெறும் மண் கை வைக்க முடியாமல் சுடும். இந்த ஒன்றுக்காகவே மூடாக்கு போடலாம்.

விதையும் வேண்டும் என்பவர்களுக்குப் போராக்ஸ் என்கிற போரான் சத்து உப்புப் பொட்டலம் தருகிறார்கள். இதழ் விரியும் சமயத்தில் லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பூவின் மேல் தெளிக்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இதே அளவைத்தான் சொல்கிறது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் மெல்லிய துணியால் பூவை லேசாக ஒற்றி எடுத்து அடுத்த பூவில் ஒற்றினால் மணி நன்றாகப் பிடிக்கும். அப்புறம் கிளிக்கு முன்னால் முந்திக்கொள்வது உங்கள் சாமர்த்தியம். பக்கத்தில் பார்த்தீனியக் களைச்செடி இருந்தால் பூக்கும் முன்பே பிடுங்கிவிடச் சொன்னார்கள். சூரியகாந்தியைக் கருக வைக்கிற வைரஸ் அதன் மகரந்தத்தோடு இலைப்பேன் மூலம் வருகிறதாம். வேலியோரம் முழுக்கத் தேடிப் பிடுங்கினோம்.

குறை இல்லாமல் இல்லை. விதைப் பாக்கெட்டில் எந்த வருஷத்து விதை என்று அச்சடித்திருப்பதில்லை. கேட்டால் சொல்கிறார்கள், ஆனாலும் எழுதியிருக்க வேண்டும். மண்புழு உரம் என்று தந்த மூட்டையில் பாதி தென்னை நார்க்கழிவு. அதை வாங்க வேண்டாம், கரம்பை கலந்த மூட்டையே போதும். ஊன்றுகோலுக்கு வைத்திருக்கும் சவுக்குக் குச்சிகள் மெலிசு, ஒற்றைத் தலை ரகத்தின் பாரத்தைத் தாங்காது.

மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை இருக்காது. மாசி பிறந்ததும் போய்விடுங்கள், பங்குனி பாதிக்கு மேல் கிளைக்கிற ரகம் கிடைப்பதில்லை. போகும்போது வீட்டில் எந்த மதில் மேற்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.