டோக்கன் முறையில் ஒரு டிக்ஸ் டாக்டர்

டொராண்டோவில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கக் குடும்ப டாக்டர் கடிதம் தர வேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மதுரையில் காலையில் போன் போட்டால் சாயங்காலத்துக்கு டோக்கன். ஆறு மணி டோக்கனுக்கு எட்டரைக்குக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

மதுரையில் அக்கா மகனுக்கு டூரெட். தன்னை மீறித் திரும்பத் திரும்ப வரும் அசைவும் சத்தமும்; அவற்றைத்தான் டிக் என்பார்கள். டொராண்டோவில் என் பையனுக்கும் அதுதான். குடும்பத்தில் தொடர்ந்து வருகிற சமாச்சாரம். அக்கா மகனுக்கு, கண் சிமிட்டுகிறான் என்று கண் டாக்டர், செருமுகிறான் என்று தொண்டை டாக்டர், நடுவில் வேப்பிலை அடித்துத் திருநீறு. கடைசியாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஈஈஜி, எம்ஆர்ஐ இரண்டும் எடுத்துப் பெரிய பில் போட்டுவிட்டு, "ஒண்ணுமில்லையே" என்றார்களாம். எரிச்சலாக இருந்தது. டூரெட் ஸ்கேனில் தெரியாது. பல அசைவு டிக், ஒரு சத்த டிக்காவது, 18 வயதுக்கு முன் தொடங்கி ஓராண்டு தாண்டியிருப்பது என்று விசாரித்து, பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டோக்கன் வாங்கிப் பார்த்த இந்த மனநல டாக்டரிடம்தான் ஆச்சரியம். அறைக்குள் அக்கா மகன் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். டாக்டர் முன்னால் அடக்கிக்கொள்வார்கள், எங்கள் வீட்டிலும் அதே கதை. அவர் அவனைப் பார்க்கவே இல்லை. "தம்பி, வெளியே போய் கிரிக்கெட் பாரு" என்று அனுப்பிவிட்டு, கதவைப் பாதி திறந்து வைத்து எங்களோடு ஊர்க்கதை பேசினார். கண் மட்டும் ஹாலில். அப்புறம் அக்காவின் போனில் இருந்த வீடியோக்கள். திரும்பக் கூப்பிட்டு, "டிக் வர்றதுக்கு முன்னாடி உடம்புல ஏதாவது தெரியுமா?" என்றார். "தோள்ல குறுகுறுங்கும், குலுக்கினா போயிடும்." இத்தனை வருஷத்தில் யாரும் அவனைக் கேட்காத கேள்வி!

டொராண்டோவில் அச்சடித்த படிவத்தில் போட்ட அதே யேல் அளவுகோலை, டிக் எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போடுவதை, இவர் மருந்துக் கம்பெனி நோட்டில் போட்டார்: அசைவுக்கு 25, சத்தத்துக்கு 25, அன்றாட பாதிப்புக்குத் தனியாக 50.

சிகிச்சையில்தான் ஊர் உதைக்கிறது. குறுகுறுப்பு வந்ததும் டிக்குக்கு இடம் தராத வேறு அசைவைச் செய்யப் பழக்கும் சிபிஐடி பயிற்சியை டொராண்டோவில் என் பையனுக்குப் பத்து வாரத்தில் எட்டு அமர்வாகக் கொடுத்தார்கள். இங்கே அதற்கு ஆள் இல்லை என்று டாக்டரே தோளைக் கீழே அழுத்திப் பிடிக்கும் வித்தையைக் காட்டினார். அதற்குள் அடுத்த டோக்கன் எட்டிப் பார்த்துவிட்டது. ராத்திரிக்குக் குறைந்த அளவில் குளோனிடின் மாத்திரை. தூக்கம் வரும் என்று சொன்னார்.

வெளியே வந்தால் கம்பவுண்டர் ஹாலுக்கே கேட்கும்படி, "அந்தக் கண்ணு சிமிட்டுற பையனா, மாத்திரையை வாங்கிக்கோம்மா!" டொராண்டோவில் இதற்குப் புகார் எழுதியிருப்பேன். இங்கே அக்கா, "சரி விடுடா" என்று மாத்திரை வாங்கப் போய்விட்டாள்.