இலைக்கு இவ்வளவு என்று பிரியாணி பேசி ஏமாந்தோம்: வரவேற்பு விருந்து வைப்போருக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற ஆவணி மாதம் என் மூத்த மகனுக்குத் திருமணம் நடந்தது. முகூர்த்தமும் சைவச் சாப்பாடும் கும்பகோணத்தில் பெண் வீட்டாரின் பொறுப்பில் குறைவின்றி முடிந்தன. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, மதுரையில் நாங்கள் வைத்த வரவேற்பு விருந்தில்தான் ஒரு சமையல் ஒப்பந்தக்காரரிடம் வகையாக மாட்டிக்கொண்டோம். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர்ப் பலகையை மாற்றிக்கொள்வது எளிது என்பதால், அவர் கையாண்ட முறையைத் தெரிந்துகொள்வதுதான் அடுத்து விருந்து வைப்பவர்களுக்குப் பயன்படும். கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

விருந்தின் பிரதான உணவு எது என்பதை முடிவு செய்யவே எங்கள் வீட்டில் இரண்டு வாரம் ஆயிற்று. என் தம்பி கறிதோசை என்றார். ஒரே நேரத்தில் தொண்ணூறு பேர் உட்காரும் பந்திக்குத் தோசைக்கல் எத்தனை வேண்டும் என்று கேட்டதும் அவரே விட்டுவிட்டார். பரோட்டாவும் சால்னாவும் என்றால் முதல் பந்திக்குச் சரி, ஆறிப்போன பரோட்டா மூன்றாம் பந்தியில் தோலாகிவிடும். இடியாப்பமும் பாயாவும் என் மனைவியின் விருப்பம். அதுவும் சுடச்சுட இருந்தால்தான் எடுபடும். கடைசியில், அண்டாவில் தம் போட்டுச் சூடு குறையாமல் வைக்கக்கூடியதும், இலையில் விழுந்தவுடன் விருந்து என்று தெரிவதுமான சீரகச் சம்பா மட்டன் பிரியாணியையே வைத்துக்கொண்டோம். கூட மட்டன் சுக்கா, கத்தரிக்காய்ப் பச்சடி, தயிர் வெங்காயம், தால்சா. சம்பந்தி வீட்டார் புலால் தொடாத சைவர்கள் ஆதலால், அவர்களுக்கும் வேறு சில உறவினர்களுக்குமாக எழுபது பேருக்குக் காய்கறிப் பிரியாணி, சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி வரிசை கேட்டோம். இந்தத் தேர்வில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை. பிழை அதை விலை பேசிய விதத்தில்தான் இருந்தது.

விருந்துக்கு ஒரு மாதம் முன்பு எங்களை அழைத்து ருசி பார்க்கக் கொடுத்தார்கள். இரண்டு கிலோ அரிசி போட்ட சிறிய அண்டா. திறந்தவுடன் புதினாவும் சம்பா அரிசியும் கலந்த மணம் கூடத்தை நிறைத்தது. கறித்துண்டு ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு, விரலால் அழுத்தினால் எலும்பிலிருந்து நழுவியது. "இலைக்கு மூணு பீஸ் கண்டிப்பா விழும் சார், அதுக்கு நான் பொறுப்பு" என்றார் ஒப்பந்தக்காரர். நாங்கள் மயங்கிவிட்டோம். அரிசி எத்தனை கிலோ, கறி எத்தனை கிலோ என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரியாணியை அறிந்தவர்கள் அதை 'ஒன்றுக்கு ஒன்று', 'ஒன்றுக்கு ஒன்றேகால்' என்று பேசுவார்கள். ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ கறி என்பதே அதன் பொருள். அன்று எங்களுக்குக் கொடுத்தது ஒன்றுக்கு ஒன்றரையாக இருந்திருக்கும் என்று பின்னால் ஒரு சமையல் மாஸ்டர் சொன்னார். எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டிலோ, 'மட்டன் பிரியாணி, சுக்கா வகையறா, சைவம் தனி, 450 இலை, இலை ஒன்றுக்கு ரூ. 550' என்ற ஒரே வரிதான். மேலே கடையின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணோ ஜிஎஸ்டி பதிவின் 15 இலக்க எண்ணோ இல்லை. ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன்.

விருந்து நாளன்று நண்பகலுக்கு மண்டபத்துக்கு வந்த ஆட்களில் ஒருவரைக்கூட நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ருசி காட்டிய மாஸ்டர் எங்கே என்று கேட்டதற்கு, அவர் வேறு மண்டபத்தில் இருப்பதாகவும் எட்டு மணிக்குள் வந்துவிடுவார் என்றும் பதில் வந்தது. அன்று வளர்பிறை முகூர்த்த நாள் வேறு. கையில் நான்கைந்து விருந்துகளை வைத்துக்கொண்டு, எங்களுடையதை யாரோ ஒரு மாஸ்டருக்கு இலைக்கு இவ்வளவு என்று கைமாற்றி விட்டிருக்கிறார். அரிசிச் சாக்குகளில் சீரகச் சம்பா என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, ஆனால் வாய் தைத்த நூல் முன்பே பிரிக்கப்பட்டு, சணல் கயிற்றால் மறுபடி கட்டப்பட்டிருந்தது. சமையலறைக்குப் பொறுப்பாக நான் நிறுத்தியிருந்த மைத்துனர் இதைக் கவனித்தார். கேட்டால் சண்டை வந்து சமையல் நின்றுவிடுமோ என்று அஞ்சி வாயைத் திறக்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அந்த அச்சத்தை நம்பித்தான் இந்தத் தொழிலில் சிலர் பிழைக்கிறார்கள்.

கறி வந்ததும் மைத்துனருக்கே பொறுக்கவில்லை. முந்நூற்றெண்பது அசைவ இலைக்கு நாற்பது கிலோ அரிசி என்றால், ஒன்றுக்கு ஒன்று என்று பார்த்தாலும் பிரியாணிக்கு மட்டும் நாற்பது கிலோ கறி வேண்டும். சுக்காவுக்குத் தனியாக இருபத்தைந்து கிலோவாவது வேண்டும். வந்து இறங்கியதோ இரண்டு அலுமினியக் கூடைகள். மண்டபத்துத் தராசில் வைத்துப் பார்த்தபோது இரண்டிலும் சேர்த்து முப்பத்தொரு கிலோ. வெள்ளாட்டுக் கறி என்று வாயால் சொல்லியிருந்தார்கள். கொழுப்பையும் வாடையையும் பார்த்தால் செம்மறி போலத் தெரிந்தது என்பது மைத்துனரின் கருத்து. 'மட்டன்' என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு அதையும் கேட்க முடியாது. வந்திருந்த மாஸ்டரிடம் அவர் மெதுவாக விசாரித்தார். "அண்ணே, எனக்கு வந்த கறி இவ்வளவுதான். இதை வச்சு எப்படி ஆக்கணுமோ ஆக்கித் தர்றேன், மத்ததை அவர்கிட்ட கேளுங்க" என்றார் அந்த மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒப்பந்தக்காரரின் கைபேசி மாலை நான்கு மணியிலிருந்து அணைந்தே கிடந்தது.

இரண்டு தவணையாகத் தம் போட வேண்டியதை, மாலை நான்கரைக்கே ஒரே தடவையில் இறக்கி வைத்துவிட்டார்கள். ஏழு மணிக்குத் தொடங்கிய முதல் பந்தியில் இலைக்கு மூன்று பீஸ் விழுந்தது உண்மைதான்; ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. பீஸ் கணக்கின் சூட்சுமம் எனக்கு அப்போதுதான் புரிந்தது: எண்ணிக்கைக்கு வாக்குக் கொடுத்தவர் அளவுக்குக் கொடுக்கவில்லை. மூன்றாம் பந்தியில் அது ஒன்றானது. சுக்கா தீர்ந்தே போய், அதற்குப் பதிலாக முட்டை வைத்தார்கள். ஒன்பதே காலுக்கு உட்கார்ந்த கடைசிப் பந்திக்குக் குஸ்காதான், அதுவும் அடிப்பிடித்த வாடையோடு, ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்த அரிசியாக. என்னோடு வங்கியில் வேலை பார்த்தவர்கள் அந்தப் பந்தியில்தான் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் பச்சடியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இவற்றையெல்லாம் பணக் கணக்கில் எழுதி மறந்துவிடலாம். மறக்க முடியாதது இரண்டாம் பந்தியில் நடந்தது. தனி அடுப்பு என்று பேசியிருந்தும், பரிமாற வந்தவர்களுக்கு எந்த வரிசை சைவம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அடையாளமாக ஓர் அட்டைகூட மேசையில் இல்லை. தால்சா என்பது பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, ஆட்டெலும்பைச் சேர்த்துக் கொதிக்க வைப்பது. வாளியில் பார்த்தால் அசல் சாம்பார் போலவே இருக்கும். வாளியோடு வந்த பையன் சைவ வரிசையிலும் அதை ஊற்றிக்கொண்டே போய்விட்டான். என் மருமகளின் பாட்டி சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். விரலில் ஏதோ இடறியதும், முருங்கைக்காய் என்று நினைத்து இலையின் ஓரத்தில் ஒதுக்கினார். அருகில் இருந்த பேரன்தான் அது எலும்பு என்று கண்டு, "அப்பத்தா, சாப்பிடாதீங்க" என்று கையைப் பிடித்தான். எழுபத்தெட்டு வயதில் அவர் ஒரு சொல்லும் பேசாமல் இலையை மூடிவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே நின்றார். சம்பந்தி என் தோளைத் தொட்டு, "விடுங்க, வேணும்னு செஞ்சதா என்ன" என்று சொன்னபோது நான் தலை நிமிரவில்லை.

இரவு பதினொன்றரைக்கு, மொய்ப் பணத்தை எண்ணி முடிக்கும் நேரம் பார்த்து, ஒப்பந்தக்காரர் நான்கு ஆட்களோடு நேரில் வந்தார். காலி இலைக்கட்டுகளைக் காட்டி 612 இலை விழுந்திருக்கிறது என்றார். அதன்படி ரூ. 3,36,600, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ. 60,588, ஆக மொத்தம் ரூ. 3,97,188, அட்வான்ஸ் போகப் பாக்கியை உடனே கொடுத்தால்தான் பாத்திரங்களை ஏற்றி மண்டபத்தைக் காலி செய்வோம் என்றார். விடிவதற்குள் நாங்கள் மண்டபத்தை ஒப்படைத்தாக வேண்டும். ஐம்பதாயிரம் மட்டும் கொடுத்து, மீதியைக் கணக்குப் பார்த்துத் தருகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன்.

மறுநாள் வீடியோக்காரரிடமிருந்து பந்தியைப் படம் பிடித்த பகுதிகளை வாங்கிப் பார்த்தேன். அந்த உணவுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 96 நாற்காலிகளே உண்டு. நான்கு பந்திகள் நிறைந்தன, அது 384. ஐந்தாவதில் 61 பேர். பின்னால் சாப்பிட்ட ஓட்டுநர்கள், இன்னிசைக் குழுவினர் என்று இருபது பேரைச் சேர்த்தாலும் 465. இல்லாத 147 இலைக்கு ரூ. 80,850 கேட்டிருக்கிறார். வரியும் அப்படித்தான். வெளியிலிருந்து மண்டபத்துக்கு வந்து சமைத்துக் கொடுக்கும் இந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பதிவு எண் இல்லாதவர் அதையும் வசூலிக்க முடியாது.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால், பிரதான உணவை இலைக் கணக்கில் பேசவே வேண்டாம் என்பேன். என் தந்தை காலத்தில் மாஸ்டர் சாமான் பட்டியல் எழுதிக் கொடுப்பார், மளிகையையும் கறியையும் நாமே வாங்கிப் போடுவோம், அவருக்குச் சமையல் கூலி மட்டும். அலைச்சல் அதிகம்தான், ஆனால் கறி நம் கண் முன்னால் எடை போடப்படும். அதற்கு ஆள் இல்லையென்றால், அரிசி இன்ன வகை, இத்தனை கிலோ. கறி வெள்ளாடு, இத்தனை கிலோ, எலும்போடு எவ்வளவு, கசாப்புக் கடையின் எடைச்சீட்டு உண்டு. தம் இரண்டு தவணை, இன்ன நேரங்களில். சமைப்பவர் ருசி காட்டிய அதே மாஸ்டர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இலையை நீங்களே கொள்முதல் செய்து, எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்குங்கள். இரு வகை விருந்து என்றால் சைவத்தை வேறு ஒரு சமையல்காரரிடம் கொடுப்பது நல்லது. அது முடியாவிட்டால் தால்சாவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் எந்தப் பிரியாணியும் கெட்டுவிடாது.

எங்கள் வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றிப் புகார் தரலாம் என்பதையும், அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு என்பதையும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் நான் அதன் பிறகுதான் அறிந்தேன். வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று போனதும், ஒப்பந்தக்காரர் வீடியோவைப் பார்க்கக்கூட விரும்பாமல், 465 இலைக்கு ஒப்புக்கொண்டு வரியையும் விட்டுவிட்டுப் பாக்கி ரூ. 1,05,750-ஐப் பெற்றுக்கொண்டார். கறிக் குறைவுக்கு ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. "எத்தனை கிலோன்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்று சீட்டை எடுத்துக் காட்டினார். நானும் வாங்கிப் பார்த்தேன், எழுதியிருக்கவில்லை.

பாட்டி தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி புதுப் பாத்திரம் வாங்கிச் சமைத்து வைத்திருந்தாள். அன்போடுதான் பேசினார், இரண்டு வாழைப்பழமும் ஒரு தம்ளர் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டார்.